கடல், சோறு

பாப்பா: இட்லிதான் டீச்சர். எத்தினி தபா சொல்றது?

ரமா: ஹெச்.எம். கிட்டயும் அதான் சொன்னீங்களா?

பாப்பா: ஆமா. காலைல புள்ள இன்னா துன்னான்னு கேட்டாரு. இட்லின்னேன்.

ரமா: அதே கேள்விய முதல்ல சக்தி கிட்ட கேட்டிருக்கார். என்னை வெளிய நிக்க வெச்சுட்டு.

பாப்பா: உங்கள ஏன் வெளிய...

ரமா: நான் பக்கத்துல இருந்தா, அவ கையைப் புடிச்சு நான்தான் காட்டறேன்னுவார். வாய் பேச வராத பொண்ணு, அட்டையில படத்தைத் தொட்டே பேசறான்னா அவருக்கு நம்பிக்கை இல்ல. உங்க பதிலும் அவ பதிலும் ஒத்துப்போனா அட்டையோட அஞ்சாவது போவா. இல்லன்னா டி.சி.

பாப்பா: ஒத்துப்போவலியா?

ரமா: நீங்களே பாருங்க. சக்தி, காலைல என்ன சாப்பிட்ட? தொட்டுக் காட்டு.

சக்தி: கடல். சோறு.

பாப்பா: அடியே! கடல துன்னியாடி? ஏதோ கை பட்டுட்ச்சி டீச்சர்...

ரமா: அவரும் இப்படித்தான் சிரிச்சாராம்.

பாப்பா: கொயந்ததானே...

ரமா: ஒன்பது வயசு. இட்லி படம் மேல் வரிசையில, கைக்குப் பக்கத்துல இருக்கு. அதை விட்டுட்டு, எக்கி எக்கி மூணாவது வரிசைக்குப் போறா. கை பட்டதா அது?

பாப்பா: இட்லிதான் டீச்சர்.

சக்தி: அம்மா. தப்பு.

பாப்பா: ஏய்! பெத்தவளையே...

ரமா: திட்டட்டும். நேத்து என்னையும் திட்டினா. அவ சொல்லிட்டாக்கா. நீங்கதான் பாக்கி.

பாப்பா: ... நெத்திலிக் கொயம்பு.

ரமா: சோத்தோட.

பாப்பா: ரெண்டு வாட்டி போட்டுக்கினா.

ரமா: அட்டையில மீன் இல்ல. அதான் கடல். ஏன்க்கா மறைச்சீங்க?

பாப்பா: உங்க ஃபாரத்துல பூ வியாபாரம்னு எய்திட்டேன். போன ஸ்கூல்ல மீன்காரி பொண்ணுன்னு மூக்கப் பொத்திக்கினு தள்ளித் தள்ளிக் குந்துனாங்க. திருப்பித் திட்டக்கூட வராது இவளுக்கு...

ரமா: இப்ப வரும்.

சக்தி: ஆமா.

பாப்பா: சிரிக்கிறா பாரு. சே... ஒரு மீன் படம் இருந்திருந்தா இவ்ளோ பேஜார் இல்ல.

ரமா: இருக்கு.

பாப்பா: எங்க?

ரமா: இதோ, என் பையில. வரைஞ்சு ஆறு மாசம் ஆச்சு. தாம்பரம் மார்க்கெட்ல உங்க மீன் கூடையைப் பாத்த அன்னிக்கே.

பாப்பா: ஃபாரம் பொய்னு தெரிஞ்சுக்கினேவா படத்த ஒட்டாம வெச்சிருந்தீங்க?

ரமா: நீங்களே சொல்லட்டும்னு...

பாப்பா: ஆறு மாசமா எம்புள்ள வாய மூடி வெச்சீங்களா டீச்சர்?

ரமா: வெச்சேன். தப்புதான். வாங்க, உள்ள போய்ச் சொல்லிடலாம்.

பாப்பா: இருங்க. மொதல்ல அத்த ஒட்டுங்க. மேல் வரிசையில.

ரமா: இடம் இல்லையே. இட்லிய எடுத்துடவா சக்தி?

சக்தி: வேணாம்.

பாப்பா: இட்லி சட்னின்னா உசுரு அவளுக்கு. தண்ணி படத்துக்குக் கீய ஒட்டுங்க... ஆங். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி வாங்க.

ரமா: என்ன சொல்லப் போறீங்க?

பாப்பா: சார், உள்ள வரலாமா? நான் பூக்காரி இல்ல சார். கோவளத்துலேர்ந்து மீன் எடுத்தாந்து விக்கிறவ. எம்பொண்ணு சொன்னதுதான் நெசம்.