வெள்ளைச் சப்பாத்து

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீற்றில் உட்கார்ந்தார்கள்.

"என்ட மகன் அந்த மரத்தடி நேர்சரிக்கு ஒரு வருஷம் போயும் மண்ணைத் தொடேல்லை," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"அங்க விளையாட்டுத்தானே படிப்பு?"

"ஓம். பிள்ளையள் வெறுங்காலோட சேறு குழைப்பினம், மரம் ஏறுவினம். நான்தான் வெள்ளைச் சப்பாத்துப் போட்டு, ஊத்தையாக்காம வா எண்டு அனுப்பினனான்."

"அப்ப அவன் என்ன செய்தவன்?"

"ஓரத்து மர வாங்கில குந்தியிருந்து மற்றப் பிள்ளையளின்ட செருப்புக்குக் காவல் இருந்தவனாம். கடைசி நாள் ரீச்சர், இங்க என்ன படிச்சனீர் எண்டு கேட்டவ. எந்தச் செருப்பு ஆருடையது எண்டு பிழையில்லாமச் சொன்னான்."



கொள்ளுப்பிட்டியில் இறங்க எழுந்தபோது ஜன்னலோரத்துப் பெண் சொன்னாள்: "சப்பாத்து இப்பவும் புதுசு மாதிரித்தான் கிடக்கு. அவன்ட காலுக்குத்தான் இனிக் கொள்ளாது."