வடக்கே நரிமேடு

பங்குனி வெயிலிலும் இந்த அறை குளுகுளுவென்றுதான் இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. கணவாய்க் காற்று நேராக உள்ளே வரும். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பி சொல்லியிருக்கிறேன், வராந்தாவில் இருக்கும் ஐசும்மாவுக்கும் சேர்த்து. பாவம், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.

என் பெயர் காளிச்சாமி. இந்தக் கல்லூரி ஆவண அறையைத் திறந்த நாள் முதல் ஆறு வருஷமாக நான்தான் காப்பாளர். அதற்கு முன் இது விறகு அறை. இன்று மாட்டுச்சந்தை நோட்டீஸ் இருக்கிறது, முதல் வருஷ ஹாஸ்டல் சாப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சந்தைக்கு வருகிறவர்கள் மாட்டை வெளியே கட்டிவிட்டு வந்து தங்கள் தாத்தா பெயரைத் தேடுவார்கள். கிடைத்துவிட்டால் அன்று முழுக்க என்னை விடமாட்டார்கள்.

ஓலை எங்கே என்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

ஐசும்மாவின் கணவர் மொய்து இந்த மேட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு பெட்டியில் கிடைத்த பழைய ஓலையை ஐசும்மாவே துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜன்மியின் தாத்தா எழுதிக் கொடுத்தது. அந்த வீடும் இடமும் மொய்துவின் வம்சத்துக்கே, யாரும் வெளியேற்றக்கூடாது என்று. அது கிடக்கட்டும். எல்லை சொல்லும் இடத்தில் ‘வடக்கே நரிமேடு’ என்றிருக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் மேடுதான், ஐயா. நம் கல்லூரி நிற்கும் மண்ணுக்கு எழுத்தில் கிடைத்த ஒரே பழைய பெயர். சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறு வருஷம், எழுதிக் கொடுத்தவரின் பேரனான இப்போதைய ஜன்மி வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். ஐசும்மா ஓடி வந்தார்.

“ஏனுங்க, அந்த ஓலையக் குடுங்க. ஜட்ஜிகிட்டக் காட்டிப்போட்டு அந்திக்குள்ள கொண்டாந்து தந்தர்றனுங்க. மூணு புள்ளைகள வெச்சுக்கிட்டு நான் எங்கீங்க போவேன்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கோர்ட்டில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஊசியால் குத்தி, சணல் போட்டுத் தைப்பார்கள். இதே ஊர் நஞ்சப்பன் வீட்டு ஓலை ஒன்று அங்கே போய், நாலு வருஷம் கழித்து மூன்று துண்டாகத் திரும்பியது. அதனால் நம்பரைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, நான் கொடுத்திருந்த ரசீதை அவரிடமிருந்து வாங்கி அடுப்பில் போட்டேன். இந்தக் கையால் எரித்த ஒரே காகிதம் அதுதான். இன்னும் மனம் உறுத்துகிறது. கோர்ட்டு எழுதிக் கேட்டபோது, அப்படி ஓர் ஓலை இங்கே வரவே இல்லை என்று பதில் போட்டேன். முதல் பிரதியில் ஓர் எழுத்துப்பிழை. திரும்பவும் டைப் அடித்தேன்.

ஜட்ஜ் இரக்கமுள்ளவர். ஐசும்மாவின் அழுகையைப் பார்த்து, இன்று மாலை ஐந்து மணிவரை தவணை கொடுத்தார். அதற்குள் ஓலை வராவிட்டால் நாளை காலை வீட்டைப் பூட்டுவார்கள். அது எனக்கும் தெரியும்.

உங்கள் கான்ஸ்டபிள்கள் மும்முரமாகத்தான் தேடுகிறார்கள். கட்டுகளை மட்டும் அதே வரிசையில் திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். எருத்தேன்பதியில் ஐசும்மாவின் அண்ணன் இருக்கிறார். ஓர் அறை ஒதுக்கித் தரச் சொல்லி நானே போன வாரம் அவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

மணி கேட்டதா, ஐயா? ஐந்து. எதிரே கோர்ட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். இனி எழுதிக்கொள்ளுங்கள். ஓலையை ஒளித்தவன் நான். கோர்ட்டுக்குப் பொய் எழுதியவன் நான். மூன்று மணியிலிருந்து உங்களிடம் பேசியே பொழுதைப் போக்கியவனும் நான்தான். சுவரில் முதல் வருஷ மாணவர்களின் குரூப் போட்டோ தொங்குகிறதே, அதன் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஐசும்மாவை உள்ளே கூப்பிடுங்கள். கொடுத்தது கொடுத்தபடியே இருப்பதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.