நாலு டிகிரி

சென்னம்மா: …அந்த டம்ளர வெச்சிடுங்க சிஸ்டரு, நான் கழுவறன்.

ஃபரீதா: பத்து நாளா நான்தானே கழுவிக்கிறேன். இன்னைக்கு என்னக்கா புதுசா?

சென்னம்மா: இன்னிக்கி… நீங்க மாத்தலாயி போற நாளு.

ஃபரீதா: ஓ, அதான் வாய் தொறந்துச்சா! நான் வந்தா வராண்டாவுல உங்க வெளக்குமாறு அந்தாண்ட ஓடிடுது. அதுக்குக் கால் மொளச்சிருக்கோன்னு பாத்தேன்.

சென்னம்மா: கேலி பண்ணாதீங்க. கம்பவுண்டரு நாராயணப்பன் பாத்துக்கினே இருக்கறாரு. உங்ககூட யாரு பேசறாங்க, யாரு நிக்கறாங்கன்னு…

ஃபரீதா: தெரியும். நேத்து எல்லாருக்கும் டீ வந்துச்சு. எனக்கு மட்டும் மறந்துபோச்சாம். டிரைவர் ஆஞ்சப்பன் ஜீப்புல எடமில்லைன்னுட்டாரு. காலி ஜீப்புக்கா!

சென்னம்மா: அவன் வாயில மண்ணு விழ.

ஃபரீதா: விடுங்க, அவருக்கும் பயம். உத்தனப்பள்ளி ரோட்டுல வெயில்ல நடந்தேன். நாலு பேரு சைக்கிள்ல போனாங்க, எல்லாரும் "நர்சம்மா, சௌக்கியமா"ன்னாங்க. அன்னைக்கு முழுக்க எங்கிட்ட பேசுனது அவங்கதான்.

சென்னம்மா: குடுங்க அந்த டம்ளர, தேய்ச்சி வெக்கறன்.

ஃபரீதா: டம்ளர அப்படித் தேய்க்காதீங்க, ஓட்டை விழுந்துடும். கட்டைவிரல் ஆறிடுச்சா? ஊசி மருந்து புட்டி ஒடஞ்சு கிழிச்சதே?

சென்னம்மா: நீங்கதான தையல் போட்டீங்க. ஆறிடுச்சி. குறுக்க தழும்பு மட்டும் நிக்குது.

ஃபரீதா: அன்னைக்கு "ஐயோ செத்தன்"னு நீங்க போட்ட சத்தம் குருபரப்பள்ளி வரைக்கும் கேட்டிருக்கும்.

சென்னம்மா: ரத்தத்தப் பாத்தா எனக்கு ஆவாது சிஸ்டரு.

ஃபரீதா: ஆஸ்பத்திரி ஆயாவுக்கு ரத்தம் ஆவாதாம்!

சென்னம்மா: …நேத்து கோவிந்தப்பன் வந்திருந்தாரு. புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு.

ஃபரீதா: கால் எப்படி இருக்கு?

சென்னம்மா: தொங்குது. ஈரத்துணியாட்டம். "மூணு தரம் போலியோ சொட்டு போட்டமே, அப்பறம் ஏம்மா"ன்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்ல? எம்மடியிலதான படுக்க வெச்சி வாயத் தொறந்தன். சப்புக் கொட்டிக்கினு குடிச்சுதுங்க அது…

ஃபரீதா: ஊத்துனது நான்.

சென்னம்மா: பங்குனியிலயே அந்த பிரிட்ஜி நின்னுபோச்சி இல்ல? தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சி புட்டி. நான் கூட்டறப்ப தொட்டுப் பாத்து கம்பவுண்டருகிட்ட சொன்னன். "ஆயா வேலய ஆயா பாரு"ன்னாரு.

ஃபரீதா: எனக்கும் அதேதான். கதவுல சூடு எழுதுற அட்டை தொங்குதே, காலையில ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் எழுதணும். நாலு டிகிரி குளிர்ல இருந்தாத்தான் சொட்டு மருந்து வேலை செய்யும்; நான் இருபத்தெட்டுன்னு எழுதப்போனேன். பெரிய டாக்டர் பேனாவப் புடிச்சுக்கிட்டாரு. "நாலு டிகிரின்னு எழுதும்மா, மேலருந்து கேள்வி வரும்." எழுதுனேன். மறுநாளும் நாலு. நாலு மாசம் நாலு.

சென்னம்மா: அதுக்கெல்லாம் சேத்துத்தான் அந்த மொட்டக் கடுதாசி போட்டீங்களா?

ஃபரீதா: ம்.

சென்னம்மா: நெசமா நீங்கதானா?

ஃபரீதா: ஏன், என்னப் பாத்தா கடுதாசி போடுறவ மாதிரி தெரியலையா?

சென்னம்மா: தெரியுது, தெரியுது… ஆனா பேரு போடாத கடுதாசிதான? விசாரணைக்கு வந்த ஆபீசருகிட்ட நீங்களா எதுக்குப் போயி ஒத்துக்கினீங்க? அவரு பாட்டுக்குத் தேடிட்டுப் போயிருப்பாரு.

ஃபரீதா: பேரு இல்ல. ஆபீசர் மேசையில விரிச்சுக் காட்டுனாரு, அடியில கைநாட்டு இருந்துச்சே. ஊதா மையில, இத்தாம் பெருசு.

சென்னம்மா: கைநாட்டு வெச்சா என்னங்க? கைநாட்டு இல்லாத மனு செல்லாதுன்னு அந்த எழுதறவரே…

ஃபரீதா: எந்த எழுதறவரு?

சென்னம்மா: …பொதுவா சொல்றன். கிருஷ்ணகிரி தாலுகா ஆபீசு மரத்தடியில ஒக்காந்து எழுதறாங்களே… மை டப்பாவத் தள்ளி, "வைம்மா"ம்பாங்க. நம்ம கையும் தன்னால போயிடும் இல்ல? எத்தினி வருசப் பழக்கம்…

ஃபரீதா: பேரு தெரியக்கூடாதுன்னு கடுதாசி போட்டுட்டு அடியில கைநாட்டு வெச்ச மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

சென்னம்மா: சிரிக்காதீங்க சிஸ்டரு. படிச்ச நீங்க கைநாட்டு வெச்சீங்கன்னா ஆபீசரு நம்புனாரா?

ஃபரீதா: "கையெழுத்து அடையாளம் தெரியும்னு வெளி ஆள வெச்சு எழுதுனேன், அதான் வெரல வெச்சேன்"னு சொன்னேன். குறிச்சுக்கிட்டாரு. சாமல்பட்டிப் பக்கம் மாத்தல். அவ்வளவுதான்.

சென்னம்மா: அவ்வளவுதானாம்! அந்தாண்ட உங்களுக்கு யாரு இருக்கறாங்க?

ஃபரீதா: ரயிலு இருக்கு. போகும், வரும்.

சென்னம்மா: தனியா…

ஃபரீதா: இங்க மட்டும் யாரு இருந்தாங்க? நீங்க இருந்தீங்க. மத்தியானம் உங்க களியும் என் சோறும் மாத்திக்குவோம். பத்து நாளா அதுவும் இல்ல. டப்பாவத் தொறப்பேன், மூடுவேன். சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன்.

சென்னம்மா: சிஸ்டரு… ஒண்ணு சொல்லணும். என்னால முடியல. நான்…

ஃபரீதா: மெதுவா. பக்கத்து ரூம்ல கம்பவுண்டர் இருக்காரு.

சென்னம்மா: இருக்கட்டும்! எனக்குச் சோறு எறங்கல. நான்தான்…

ஃபரீதா: உங்க வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?

சென்னம்மா: …தையில ஆர்டரு வரும்ங்கறாங்க. பதினோரு வருசம் தினக்கூலியாவே ஓட்டிட்டன். ஏன் இப்ப அது?

ஃபரீதா: தையில வரும்னா தை வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க. எங்கிட்டயும் சொல்லாதீங்க. புது பிரிட்ஜ் வந்துச்சா இல்லையா?

சென்னம்மா: வந்துச்சி. முந்தாநேத்து. பழைய மருந்தெல்லாம் குழியில கொட்டுனாங்க, நான்தான் மண்ணு தள்ளுனன். புதுசத் தொட்டுப் பாத்தன், கை வெறச்சிப்போச்சி.

ஃபரீதா: அப்ப கடுதாசி வேலை செஞ்சிருக்கு. எழுதத் தெரிஞ்ச நான் நாலுதான்க்கா எழுதுனேன். நாலுதான்.

சென்னம்மா: என்ன சொல்றீங்க?

ஃபரீதா: ஒண்ணுமில்ல. வாங்க, சாமான ஒப்படைக்கணும். ஐஸ் பொட்டி ரெண்டு, ஸ்டெரிலைசர் ஒண்ணு. நாளைக்கு வர்ற நர்சுக்குச் சாவி நீங்கதான் குடுக்கணும்.

சென்னம்மா: சரிங்க. மை டப்பா எங்க? வாங்கிக்கினன்னு வெரல் வெச்சிடறன்.

ஃபரீதா: வேண்டாம்.

சென்னம்மா: வெக்காம எப்படிங்க? கம்பவுண்டரு கத்துவாரு.

ஃபரீதா: மை டப்பாவ என் பையில போட்டுக்கிட்டேன்.

சென்னம்மா: ஐயையோ, அது ஆபீசு சாமானு!

ஃபரீதா: தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. எம்மேலதான் எல்லாப் பழியும் இருக்கே, அதும் ஒண்ணு. இந்தாங்க, இதப் புடிங்க.

சென்னம்மா: என்ன தாளு இது? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சிக்கினே குடுக்கறீங்க… ஒரே எழுத்தா பெருசு பெருசா, பக்கம் பூரா அதேதான்!

ஃபரீதா: உங்க பேருதான்க்கா. இன்னும் ஒரு மணி நேரத்துல பஸ்சு, அதுக்குள்ள இது மேலயே எழுதி எழுதிப் பாருங்க. மாசக் கடைசி சம்பள ரிஜிஸ்டர்ல இந்தக் கையெழுத்துதான் போடணும், இனிமே எதுலயும் வெரல் வெக்கக்கூடாது. அந்தக் கடுதாசில இருந்த கைநாட்டு நடுவுல குறுக்க ஒரு கோடு ஓடுச்சு. நான் போட்ட தையல் எனக்குத் தெரியாதா?