மஞ்சள் காலுறை

எனக்கு முட்டிவலி, இன்ஸ்பெக்டர் சார். அதனால் எங்கள் குழுவில் எனக்கு மட்டும் மடக்கு நாற்காலி. மற்றவர்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பதாகை பிடித்து நிற்பார்கள். நான் உட்கார்ந்து குட்டிக் காலுறை பின்னுவேன். கருவைக் கலைக்க வருகிறவளிடம் பேசுவோம். மனம் மாறித் திரும்பினால் கையில் ஒரு ஜோடி கொடுத்து அனுப்புவோம். அதுதான் வழக்கம்.

மூன்று மாதமாக ஒருத்தியும் திரும்பவில்லை. காலுறைப் பை பிதுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வெறுத்தே போய்விட்டது.

அந்தப் புதன்கிழமை நல்ல மழை. மற்றவர்கள் டிமிக்கி கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம்தான் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, நல்ல காய்ச்சல்.

"அம்மா, இந்தச் சீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்? இன்னைக்கே சேரணும்னு சொன்னாங்க."

வாங்கிப் படித்தேன். முப்பது வருடம் டீச்சராக இருந்தவள் நான். எந்தக் கோழிக்கிறுக்கலும் எனக்குப் புரியும். குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை, தாய்க்குக் கிருமி பரவுகிறது, உடனே எடுக்க வேண்டும் என்று இருந்தது. இந்த மாதிரிச் சீட்டெல்லாம் பொய் என்று எங்கள் குழுவின் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். இது பொய் இல்லை என்று அவள் கையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. அப்படிக் கொதித்தது.

"டாக்டருங்க இப்படித்தான் பயமுறுத்துவாங்க. பேசாம வீட்டுக்குப் போய்ப் படும்மா."

"ரெண்டு நாளா அசைவே இல்லையேம்மா."

"தூங்குதும்மா."

அவள் சிரித்தாள். எவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். சீட்டை என் பையில் போட்டுக்கொண்டு மஞ்சள் காலுறையைக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டேன். என் குடையையும் கொடுத்தனுப்பி, நான் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாள். காலுறையைக் கையில் பிடித்தபடியே கிடந்தாளாம். அவள் புருஷன்தான் அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். இதோ அந்தச் சீட்டு. நான்தான் வைத்திருந்தேன். தெரிந்தேதான் திருப்பி அனுப்பினேன்; யாரும் சொல்லிச் செய்யவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். சாவுக்குக் காரணம் என்று என்னை எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், சார். இந்த மூன்று மாதத்தில் நான் காப்பாற்றியது அந்த ஒரு குழந்தையைத்தான்.