எட்டு மணி பஸ்

எங்க வீட்டுல கடைசியா அவர உயிரோட பாத்தது நான்தான், தம்பி. எங்க அக்கா வீட்டுக்காரரு. எட்டு மணி பஸ்ல ஏறினாரு, ஜன்னல் வழியா கையக்கூட ஆட்டினாரு. அதான் சொல்றேன், அந்த மிஷின் பக்கெட்ட கொஞ்சம் கீழ எறக்கி வையி. பேசி முடிச்சிடறேன்.

தெரியுது, உன் பேப்பர்ல இந்தக் கட்டடத்துல ஆள் இல்லன்னு போட்டிருக்கு. சாயங்காலத்துக்குள்ள இடிஞ்சதெல்லாம் அள்ளி முடிக்கணும். மேஸ்திரியும் அதயேதான் சொன்னாரு. கத்திப் பாத்துட்டேன், அவர்கிட்ட பருப்பு வேகல. மிஷின் உன் கையிலதான இருக்கு.

நான் இந்த ஊர் இல்லப்பா. அக்காவப் பாக்க வந்தவன். நாலு நாள்னு வந்து, அவரு பஸ் ஏறின அன்னிக்கே எட்டு நாள் ஆயிருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் இருந்தா வாசல்ல உன் பேரையும் எழுதிடறேன்டான்னு மச்சான் அன்னிக்குக் காலையிலகூட வாரினாரு. வாட்ச் ரிப்பேர் பண்றவரு. அவரு வாய் மட்டும் நிக்காது.

அவர பஸ் ஏத்திவிட்டுட்டு, இந்தக் கட்டடத்துக்கு எதிர்ல சலூன்ல போய் உக்காந்தேன். பாதி சவரத்துல பூமி ஆடிச்சு, இந்தக் கட்டடம் அப்படியே உக்காந்துடுச்சு. பஸ் போயி கால் மணி நேரங்கூட ஆகல. அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்ததால தப்பிச்சா.

அப்புறம் பதினோரு நாள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சேன். அவரு கடைப் பக்கம் ரெண்டு தெரு அப்படியே போயிடுச்சு, அங்கதான் எங்கியோ அடிபட்டிருக்காருன்னு நெனச்சோம். இன்னிக்குத்தான் மறுபடி பஸ் விட்டாங்க. செங்கல்லப் பொறுக்கி அடுக்கிட்டிருந்த ஜனமெல்லாம் நிமிந்து நிமிந்து பாக்குது. நானும் ஏறினேன். போட்டோவக் காட்டினதும் கண்டக்டர் சிரிச்சாரு. தெனம் வர்ற ஆளாச்சே. அன்னிக்கு சட்டப்பையத் தட்டிப் பாத்துட்டு, மூக்குக்கண்ணாடிய மறந்துட்டேன், அது இல்லாம நான் வாட்ச்சப் பாத்தா வாட்ச்தான் என்னப் பாக்கும்னு சொல்லிட்டு, அடுத்த ஸ்டாப்லயே எறங்கிட்டாராம்.

அங்கிருந்து பின்சந்து வழியா இந்த வாசலுக்கு அஞ்சு நிமிஷ நடை, தம்பி. நான் சலூன்ல தெருவுக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தேன்.

உயிரோட இருப்பாருன்னு சொல்ல வரல. பதினோரு நாள், எனக்குத் தெரியாதா. கையால எடுக்கணும்னுதான் கேக்கறேன். பக்கெட்டால அள்ளி லாரியில கொட்டினா... வேணாம்ப்பா.

ஆள் இல்லன்னு எழுதினது யாரா? மீட்புப் படைக்காரங்க. அவங்க மேல தப்பில்ல. முகத்துல சோப்பு நுரையோட இங்க நின்னுட்டிருந்த ஒரு ஆளக் கேட்டாங்க, உள்ள யாராவது இருக்காங்களான்னு. மத்த குடித்தனமெல்லாம் தெருவுல நிக்குது, எங்க மச்சான் பஸ்ல போயிட்டாரு, என் கண்ணால பாத்தேன்னு அடிச்சுச் சொன்னேன். சரின்னு பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிட்டாங்க. அங்க நாலு பேர உயிரோட எடுத்தாங்க. நானும் கல்லு தூக்கினேன்.

அக்காகிட்டயா? இன்னும் சொல்லல.

எங்கருந்து ஆரம்பிக்கறதா? தெருப்பக்கத்து ரூம், மூணாவது மாடி. ஏணியெல்லாம் வேணாம். மூணாவது மாடி இப்ப என் தோள் உயரத்துல இருக்கு.