நூல் விடும் இலை

“ஒரு தடி நட்டது குற்றமெண்டால், வேலிக்குக் கதியால் தடி நடுற யாழ்ப்பாணம் முழுக்க மறியற்சாலையிலையெல்லோ இருக்கோணும்!”

ஷாஃப்ஹவுசன் நகர பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா தன் கணவரிடம் சொன்னது இது. அந்த அம்மாவின் மடியில் சிவப்புத் தண்டோடு ஓர் இலைக் கிளை கிடந்தது.

“நீர் பயித்தங்கொடி படரவெண்டு நட்டனீர். அது வேர்விட்டுப் பத்தையாப் போச்சுது.”

“பக்கத்துத் தோட்டத்து மனிசி வெட்டி எறிஞ்ச தடி. இந்தக் குளிரிலை முளைக்குமெண்டு ஆர் கண்டது?”

“ஹார்ட்றீகலெண்ட இந்த நாட்டுச் செடியெண்டால் விடலாமாம். வேறையெண்டால் இண்டைக்கே வேரோடை கிண்டோணுமெண்டு வாடகைத் தோட்டப் பொறுப்பாளர் சொல்லிப்போட்டார். கிண்டப்போறது என்ரை முதுகு.”

“ஹார்ட்றீகல் இலையைக் கிழிச்சால் நூல் தெரியுமெண்டும் சொன்னவர். பொறுங்கோ.”

அந்த அம்மா ஓர் இலையைக் குறுக்கே மெல்லக் கிழித்து இழுத்தார். கீழ்த்துண்டு விழவில்லை; வெள்ளை நூல்களில் தொங்கியது. எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

இறங்கும்போது கணவர் தொப்பியைக் கழற்றி, இலைக்குக் காற்றுப்படாமல் மறைத்துப் பிடித்தார்.

“இன்னும் இலை கிடக்குத்தானே, அப்பா?” என்றார் மனைவி.

“மெல்ல வாரும், பொறுப்பாளரிட்டைக் காட்டுமட்டும் நூல் அறக்கூடாது. என்ரை முதுகு இதிலைதான் தொங்குது.”