பதினேழாம் வரியை அடித்த அம்மையாருக்கு

கணத்தைக் கூறுபோட்டுக் கணக்குப் பார்த்த கண்ணியமே! பிசகில்லாப் பணிக்கொரு பிறப்பிடமே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் நேரச் சரிபார்ப்புப் பிரிவில் அமர்ந்து, அதில் பதினைந்து ஆண்டுகள் தலைமையேற்று, இன்று ஓய்வு பெறும் அம்மையீர், வணக்கம்!

ஒரு சிப்புக்குள் கோடிக்கணக்கான கம்பிகளில் ஓடும் சமிக்ஞைகள், கடிகாரத்தின் அடுத்த துடிப்புக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பக்கத்துக் கம்பி துள்ளினால் இந்தக் கம்பி தடுமாறும், தாமதிக்கும். அந்தத் தாமதத்தைத் தேடிப் பிடிப்பதில் உங்களுக்கு நிகர் நீங்களே! பிழையில்லை என்று அறிக்கை முழுவதும் பச்சையாக வந்தாலும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சோதனையை இன்னொரு தடவை ஓட்டச் சொல்வீர்கள். ஓட்டினால் பிழை இருக்கும். ஒவ்வொரு தடவையும் இருக்கும். அதுதான் எரிச்சல்.

எரிச்சல் யாருக்கென்று அவையோர் கேட்கலாம். இம்மடலை எழுதி வாசிக்கப் பணிக்கப்பட்ட உங்கள் பக்கத்து மேசைக்காரருக்குத்தான். பதினெட்டு ஆண்டுகளாக அவருக்கு உங்கள் மேல் வயிற்றெரிச்சல். மூன்று நாள் அவர் மல்லுக்கட்டிய சிக்கலை நீங்கள் சாப்பாட்டு இடைவேளையில் துண்டுப் பென்சிலால் முடித்ததில் எரிச்சல். உங்கள் ஜன்னலோர இருக்கையில் எரிச்சல். வெளியாட்கள் வந்தால் நேரே உங்கள் மேசைக்குப் போவார்கள்; போகிற வழியில் அவரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

அவருக்கிருந்த ஒரே ஆறுதல், பதினோரு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் விடுப்பில் இருந்த மாதத்தில் அவரே முடித்த மருத்துவக் கருவிச் சிப். முதல் தடவையே பழுதின்றி வேலை செய்தது. நிர்வாகம் கேடயம் கொடுத்தது. உங்கள் கண்ணில் படும்படி மேசையின் ஓரத்தில் வைத்தார், தினமும் துடைத்தார். திங்கட்கிழமை முதல் உங்கள் நாற்காலி அவருக்கு என்று முடிவானதும் அந்தக் கேடயத்தால்தான்.

போன வாரம், உங்கள் சாதனைகளைப் பட்டியலிடப் பழைய கோப்புகளைப் புரட்டினார். அந்தச் சிப்பின் விதிவிலக்குப் பட்டியல் அகப்பட்டது. எந்தச் சமிக்ஞைத் தடங்களைச் சோதிக்க வேண்டாம் என்று கணினிக்குச் சொல்லும் பட்டியல் அது. பதினேழாம் வரியில் ஒரு தடத்தைப் பயன்படாதது என்று அவர் ஒதுக்கியிருந்தார். அவருடைய அறிக்கை பச்சையாக வந்தது அதனால்தான். அந்த வரி அடிக்கப்பட்டு, கீழே உங்கள் குறிப்பு இருந்தது: இது ஓடுகிற தடம், பக்கத்துக் கம்பி தாமதிக்க வைக்கிறது, இரண்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டிவிட்டேன். தேதியைப் பார்த்தார். நீங்கள் விடுப்பு முடிந்து திரும்பிய நாள். மறுநாள்தான் சிப்பின் வரைபடம் உற்பத்தி ஆலைக்குப் போனது.

நேரே உங்களிடம் வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் திரையிலிருந்து தலை நிமிரவே இல்லை.

"சொல்லியிருந்தா ஒரு மாசம் என்கூடப் பேசியிருக்க மாட்டீங்க சார். அடுத்த சிப்புக்கு நீங்க வேணுமே."

பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டால் ஒரு மனிதர் எங்கேதான் போய் முட்டிக்கொள்வார், அம்மையீர்? அதற்கு அவரைக் கட்டிவைத்து அடித்திருக்கலாம்.

எரிச்சல் பற்றிய பத்தி தொடங்கி இதுவரை உள்ளவை, மற்றவர்கள் கையொப்பமிட்ட பிறகு சேர்க்கப்பட்டவை. அவர்களைக் கோபிக்க வேண்டாம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகத்தார் நாற்காலியைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். மேசைக்காரர் தன் பழைய இடத்திலேயே இருப்பார்.

கூர்மை குன்றாக் கண்ணோடும், குறைவில்லா உடல்நலத்தோடும், சரிபார்க்க ஏதுமற்ற நிம்மதியான காலைகளோடும் நீங்கள் நெடுங்காலம் வாழ்க! அதிலும் அவருக்குப் பொறாமை உண்டு.

இம்மடலோடு அந்தக் கேடயமும் உங்கள் கையில் தரப்படுகிறது. பெயர்த்தகட்டை அவரே கழற்றிவிட்டார். திருகாணி இருந்த இரண்டு ஓட்டைகள் தெரியும், பொறுத்தருள்க.

இங்ஙனம்,
நேரச் சரிபார்ப்புப் பிரிவினர் அனைவரும்,
அவர்களோடு பக்கத்து மேசைக்காரரும்